வலது கால் கோல்

பீர்க்கன்கரணை
13.10.2024

அன்புள்ள பேபி,

கங்கம்மா எழுதுகிறேன். நானும் மகன் ரவியும் மருமகளும் பேத்தி துர்காவும் இங்கே நலம். நீ போனில் எல்லாவற்றுக்கும் "ஆங், ஆங்" என்கிறாய். உனக்குக் கேட்க வேண்டும் என்று நான் கத்துகிற கத்தலில் தெருவுக்கே நம் கதை தெரிந்துபோகிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். அஞ்சாவது வரை படித்தவள் எழுத்து, பார்த்துப் படித்துக்கொள்.

நீ கேளம்பாக்கத்துக்கு மகன் வீட்டோடு போனதிலிருந்து கிரவுண்டில் மூணாவது படியில் உன் இடம் சும்மாதான் கிடக்கிறது. யாராவது உட்கார வந்தால் என் பையை வைத்துவிடுகிறேன்.

நம் ஏரிக்கரை பெண்கள் ஃபுட்பால் டீமுக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறாள். ஜெரூஷா என்று பெயர். சேலையூர் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராம். பழைய மேனேஜர் ஜெயவேலு சாரைப் போல இல்லை. அவர் தோற்றால்கூட எல்லாருக்கும் டீயும் பன்னும் வாங்கித் தருவார். வருஷா வருஷம் கடைசியில் வந்தாலும் அந்த மனுஷன் மேல் நமக்குக் கோபம் வந்ததில்லை. இவள் ஜெயித்தாலும் சிரிக்கிறாள், தோற்றாலும் சிரிக்கிறாள். நம்ம ஆட்டோ ஹேமநாத் முதல் நாளே சொல்லிவிட்டான்: "இன்னா ஆயா, இந்தம்மா மூஞ்சில ஒன்னுமே தெரில. சீட்டாட்டத்துல குந்துனா நம்ம சட்டையக் கழட்டிடும்."

முதல் ஆட்டம் நம் கிரவுண்டில்தான். துர்காவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள் பேபி. போன வருஷம் டீமுக்கே அதிக கோல் போட்ட பெண்ணை. கடைசியில், போனால் போகிறது என்று கொஞ்ச நேரம் இறக்கினாள். நான் எப்போதும் போல எழுந்து நின்று "வலது காலு துர்கா, வலது காலு" என்று குரல் கொடுத்தேன். புதுப்பெண் வலது காலை வைத்துத்தானே வீட்டுக்குள் நுழைகிறாள். கோலும் ஒரு வாசல்தானே. இடது காலால் போட்டால் அது தங்காது என்று நான் சின்ன வயசிலிருந்தே அவளுக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். அந்த மேனேஜரம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்கும் ஒரு சிரிப்பு.

மே மாதம் ரசிகர் கூட்டம் வரும். மேனேஜர் இருக்கட்டுமா, போகட்டுமா என்று கை தூக்கச் சொல்வார்கள். என் கை எந்தப் பக்கம் உயரும் என்று இப்போதே உனக்குச் சொல்லிவிட்டேன். என் கை உயர்ந்தால் எங்கள் தெருக் கை எல்லாம் உயரும்.

உன் அக்கா
கங்கம்மா


கேளம்பாக்கம்
27.10.2024

அன்புள்ள கங்கா அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததும் மருமகள் "யாருக்கு அத்தை கோர்ட் நோட்டீசு?" என்று கேட்டாள். இந்த வீட்டில் கடிதம் என்றால் அதுதான் தெரியும். நான் பால்கனியில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன்.

இங்கே எல்லாம் உயர உயரமான கட்டடம். லிஃப்டில் ஏறினால் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கோவளத்து மீன் மட்டும் நன்றாகக் கிடைக்கிறது. வவ்வால் வாங்கினால் உன் ஞாபகம் வருகிறது.

அக்கா, ஒரு ஆட்டத்தை வைத்து அந்தப் பெண்ணை எடை போடாதே. ஜெயவேலு சாருக்கு எத்தனை வருஷம் கொடுத்தோம். இவளுக்கு ஒரு சீசன் கொடு. அப்புறம் கை தூக்கு.

நீ கத்துவது என் காதில் பாதிதான் விழும். அதனால்தான் இத்தனை வருஷம் உன் பக்கத்தில் உட்கார முடிந்தது என்று என் மகன் கேலி செய்கிறான். என் இடத்தில் பையை வைத்தது நல்லது. எடுத்துவிடாதே.

உன் தங்கை
பேபி


பீர்க்கன்கரணை
22.12.2024

அன்புள்ள பேபி,

மழையில் ஏரி நிரம்பி கிரவுண்டின் ஒரு மூலை சேறாகிவிட்டது. இரண்டு ஆட்டம் தள்ளிப்போனது. அந்தச் சும்மா நேரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

நம் கிரவுண்டில் ஆட்டம் என்றால் துர்கா பெஞ்சில். வெளி கிரவுண்டில் ஆட்டம் என்றால் முதலிலிருந்து கடைசிவரை துர்கா. நான்தான் முட்டி வலியில் வெளி ஆட்டத்துக்குப் போவதில்லையே, எனக்கு யார் சொன்னது என்கிறாயா? டீம் வேன் கூட ஹேமநாத் ஆட்டோ போகிறது. அவன் வந்து சொல்கிறான். "வெளில போனா துர்கா புலி ஆயா. பல்லாவரத்துல ரெண்டு கோலு. நம்ம வூட்லதான் பூனையாக்கி ஒக்கார வெச்சிகினு கீது இந்தம்மா."

ஏன் அப்படி? நீயே சொல். நம் கண்முன் மூடி வைக்கிறாள், ஊரார் கண்முன் காட்டுகிறாள். கடையில் நல்ல புடவையை எங்கே தொங்கவிடுவார்கள்? வாங்குகிறவன் கண்ணில் படுகிற இடத்தில்தானே. துர்காவை வேறு டீமுக்குத் தள்ளிவிடப் பார்க்கிறாள். கேளம்பாக்கம் நீலக்கடல் டீம்தான் என்று எனக்குச் சந்தேகம். அவர்களுக்கு முன்னால் ஆட ஆள் இல்லை.

துர்காவைக் கேட்டால் "மேடம் சொன்னா சரியா இருக்கும் ஆயா" என்று தலையைக் குனிந்துகொண்டு பூட்ஸைத் தேய்க்கிறாள். தேய்த்த பூட்ஸையே மறுபடி தேய்க்கிறாள். என்னிடம் எதையும் ஒளிக்காத பெண். அவளுக்கு என்ன மந்திரம் போட்டாள் என்று தெரியவில்லை.

பொங்கல் கழிந்து ஜனவரி 19-ஆம் தேதி டீம் அங்கே உங்கள் ஊருக்கு வருகிறது. நீ போ. ஆட்டத்தைப் பார்க்காதே, அந்த மேனேஜரைப் பார். யார் வந்து பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், எல்லாம் பார்த்து எழுது. காது கேட்காதவளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பக்கத்தில் நின்றே பேசுவார்கள். உதட்டைப் பார்த்தே நீ பாதியைப் படித்துவிடுவாயே.

கங்கம்மா


கேளம்பாக்கம்
20.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். வெயில் நல்ல வெயில். குடை எடுத்துப் போனேன்.

நம் டீம் மூன்றுக்கு ஒன்று ஜெயித்தது. துர்கா இரண்டு போட்டாள். அக்கா, நம் பிள்ளை வளர்ந்துவிட்டாள். ஓடும்போது மான் மாதிரி. கூந்தலை உயரத் தூக்கிக் கட்டியிருந்தாள், அது ஒரு அழகு.

நீ சந்தேகப்பட்ட மாதிரி நீலக்கடல் ஆட்கள் யாரும் மேனேஜரிடம் வந்து பேசவில்லை. அந்தப் பெண் நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறது. டீக்குச் சர்க்கரைகூடப் போட்டுக்கொள்வதில்லை. துர்காவை யாருக்கும் தள்ளிவிடுகிற எண்ணம் இல்லை. நீ நிம்மதியாக இரு.

உன் முட்டிக்கு அந்தப் படி ஏறி இறங்குவது நல்லதில்லை அக்கா. நம் கிரவுண்டில் கேட் பக்கம் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்காரேன். கொஞ்சம் தூரமாக இருந்தாலும் காற்றாக இருக்கும். இல்லையென்றால் இரண்டு ஆட்டம் வீட்டிலேயே இரு. ஓய்வு எடு.

நெத்திலிக் கருவாடு அனுப்புகிறேன்.

பேபி


பீர்க்கன்கரணை
9.2.2025

பேபிக்கு,

கருவாடு வந்தது. இன்னும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சும்மா நின்று பார்க்கப் போனவளுக்கு அந்தம்மா டீயில் சர்க்கரை இல்லை என்று எப்படித் தெரியும்? யாருக்கும் தள்ளிவிடுகிற எண்ணம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அவள் எண்ணம் உனக்கு யார் சொன்னது? இதோடு என் முட்டிமேல் திடீர் அக்கறை. இருபது வருஷம் அதே படியில் என் கையைப் பிடித்து ஏற்றியவள் நீதானே.

ஹேமநாத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினான். அப்புறம் சொன்னான். "ஆட்டம் முடிஞ்சி பேபி ஆயாவும் மேனேஜரும் தனியா குந்திகினு இருந்தாங்கோ. ஆட்டம் வரைஞ்சி காட்டுற வெள்ள போர்டுல அந்தம்மா எழுதி எழுதிக் காட்டுது, இவங்கோ படிச்சிட்டுத் தலையாட்றாங்கோ. நான் கிட்டப் போனதும் துடைச்சிடுச்சி."

அந்தப் போர்டில் என்ன எழுதியிருந்தது பேபி?

உன்னை வேவு பார்க்க அனுப்பினேன். நீ அவர்கள் டீயைக் குடித்துவிட்டு வந்து எனக்குக் கருவாடு அனுப்புகிறாய். துர்காவும் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள், நீயும் மறைக்கிறாய். இந்த ஊரில் நான் ஒருத்திதான் முட்டாளா?

மே மாதக் கூட்டத்துக்கு எங்கள் தெருவில் இப்போதே பேசிவிட்டேன். ஒரு கையும் அவளுக்காக உயராது. எதிர்வீட்டுப் பச்சையம்மா வீட்டார்கூட எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கங்கம்மா


கேளம்பாக்கம்
23.2.2025

அன்புள்ள கங்கா அக்காவுக்கு,

சொல்லக் கூடாது என்று துர்காவுக்குச் சத்தியம் செய்தேன். சொல்லாவிட்டால் ஒரு நல்ல பெண்ணின் வேலை போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆட்டத்தில் துர்கா போட்ட இரண்டு கோலும் இடது காலால். அவளுக்குப் பழக்கம் இடது கால்தான் அக்கா. காது கேட்காததால் நான் கண்ணை எடுக்காமல் பார்க்கிறவள். எனக்கே இத்தனை வருஷம் தெரியவில்லை. ஏனென்றால் நம் கிரவுண்டில் அவள் இடது காலால் அடித்து நான் பார்த்ததே இல்லை. பந்து வந்ததும் கழுத்து மூணாவது படிக்குத் திரும்பும். அப்புறம் பந்தை வலது காலுக்கு மாற்றுவாள். அதற்குள் எதிராளி வந்து எடுத்துப் போய்விடுவாள். இங்கே அந்தக் கழுத்து ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அதைத்தான் போய் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் போர்டில் எழுதிக் காட்டினாள். "வீட்டு கிரவுண்டில் என்னை இறக்காதீர்கள் மேடம் என்று துர்காவே வந்து அழுதாள். ஆயா சொல்வதைக் கேட்காமல் அடித்தால் ஆயா மனசு கஷ்டப்படும், கேட்டு அடித்தால் பந்து போகாது என்றாள்." அதுதான் எழுதியிருந்தது. நீங்களே அவள் ஆயாவிடம் சொல்லலாமே என்றேன். அதற்கு அவள் எழுதினாள்: "சொன்னால் அவங்க கிரவுண்டுக்கு வருவதையே விட்டுடுவாங்க. என்னைத் திட்டிக்கொண்டாவது வரட்டும்."

உன்னால் அவள் வேலை போகிற நிலையில்கூட அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் கொடுத்துவிட்டேன், உன்னை உனக்கே.

கோபம் வந்தால் என்மேல் வை. துர்காவிடம் எதுவும் கேட்காதே.

உன் தங்கை
பேபி


கேளம்பாக்கம்
6.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போஸ்ட்மேன் மேல் பழிபோட்டு மனசைத் தேற்றிக்கொள்கிறேன். உன் மகன் ரவியிடம் என் மகன் போனில் விசாரித்தான், நீ நன்றாக இருக்கிறாய் என்றான்.

கடைசி ஆட்டம் நம் கிரவுண்டில்தானாம். வர வேண்டும் என்று ஆசை. வந்தால் நீ உன் பையை எடுப்பாயா என்று தெரியவில்லை. அதனால் வரவில்லை.

பேபி


பீர்க்கன்கரணை
11.5.2025

பேபிக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன்மேல் இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் நடந்ததை உன்னைத் தவிர வேறு யாருக்குச் சொல்வது.

போன ஞாயிறு கடைசி ஆட்டம். முந்தின நாள் துர்கா கேட்டாள், "ஆயா, நாளைக்கு வர்றியா?" என்று. முட்டி வலிக்குது, வரல என்றேன். அப்போது அவள் முகத்தில் ஒன்று வந்தது. அது என்ன என்று உனக்கு எழுத மாட்டேன்.

எல்லாரும் போன பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஏரி மதகுப் பக்கமாகச் சுற்றிப் போனேன். எதிர் டீம்காரர்கள் உட்காருகிற பக்கம், கோலுக்குப் பின்னால், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றேன். வாய் தானாகத் திறந்துவிடுமோ என்று பயம். நாலைந்து வெற்றிலையை ஒன்றாக மடித்துக் கன்னம் புடைக்க அடக்கிக்கொண்டேன்.

துர்காவை முதலிலிருந்தே இறக்கினாள் மேனேஜர். ஆக, நான் வரவில்லை என்ற செய்தி அதற்குள் போய்விட்டது. எனக்கு வேவு பார்க்க ஆள் இல்லை, அவர்களுக்கு இருக்கிறது, பார்.

முதல் பந்து வந்ததும் துர்காவின் கழுத்து மூணாவது படிக்குத் திரும்பியது. அங்கே யாரும் இல்லை. உன் இடமும் காலி, என் இடமும் காலி. அப்புறம் அவள் திரும்பவே இல்லை. இரண்டாவது பாதியில் நான் நின்ற பக்கத்துக்கே பந்தைக் கொண்டுவந்தாள். வலது காலு என்று நெஞ்சுவரை வந்துவிட்டது. வெற்றிலைச் சாற்றோடு சேர்த்து விழுங்கினேன். இடது காலால் அடித்தாள் பேபி. வலை என் முகத்துக்கு நேரே உப்பியது. அப்படி ஒரு அடியை நம் கிரவுண்டில் நான் பார்த்ததில்லை.

மேனேஜர் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நேற்று ரசிகர் கூட்டம். ஹேமநாத் எழுந்து கணக்காகப் பேசினான். "கடைசில கெடந்த டீமு மூணாவதா வந்துச்சி, இல்லேன்னு சொல்லல. ஆனா வெளில ஜெயிக்கிறோம், நம்ம வூட்ல தோக்கறோம். அது இன்னா நாயம்?" என்றான். கேட் பக்கம் உட்காருகிற கனகவல்லி, ஜெயவேலு சார் காலத்து பன்னைப் பற்றிப் பேசினாள். பிறகு மேனேஜர் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் தெரு மொத்தமும் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கினேன். பச்சையம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள், நான் ஏதோ தூக்கத்தில் தூக்கிவிட்டேன் என்று. அப்புறம் அவளும் தூக்கினாள். ஹேமநாத், "இன்னா ஆயா, வருசம் பூரா எங்கள ஏத்திவுட்டு இப்ப நீ கட்சி மாறிட்டியே" என்றான். நான் மாறவில்லை. அந்தச் சிரிப்பை இப்போதும் நம்பவில்லை. அடுத்த வருஷமும் ஒரு கண் வைத்துத்தான் இருப்பேன். மதகுப் பக்கத்திலிருந்து.

இனி உனக்கு மட்டும் சொல்வது.

ஆட்டம் முடிந்து துர்கா வருவதற்குள் ஓடி வந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள். கோல் போட்டேன் ஆயா, நீ பாத்திருக்கணும் என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

"எந்தக் காலு?" என்று கேட்டேன்.

குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"வலது காலுதான் ஆயா. நீ சொல்லிக் குடுத்த மாரியே."

அப்படியா கண்ணு, அதனாலதான் உள்ள போச்சு என்றேன்.

நீ வாயைத் திறக்காதே. கருவாட்டுப் பொட்டலத்தை இன்றைக்குத்தான் பிரித்தேன். கொஞ்சம் உப்பு அதிகம்.

கங்கம்மா