சம்பந்தி அம்மாளின் பதில்

கொல்கத்தா

அன்புள்ள ஷியாமளாவுக்கு,

பெண்ணின் பிரசவத்துக்கு நீ இத்தாலி போனபின் நான் இண்டர்லிங்குவா படிப்பது உனக்குத் தெரியும். அந்தப் பொதுமொழி அங்குள்ளவர்களுக்குப் படிக்காமலே புரியுமாம். “வராத மனுஷனுக்கு பாஷை எதுக்காம்?” என்று போனில் சிரித்தாய்.

சம்பந்தி வீட்டார் வாய்விட்டு அழைக்காமல் எப்படி வருவது? மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நம் வழக்கம் தெரிய நியாயமில்லை. இந்த வாரம் நிபந்தனை வினைப் பாடம் முடிந்தது. ‘வெனிரேயா’ என்றால், இன்னது நடந்தால் வருவேன் என்று பொருள். என் சுபாவத்துக்கு ஏற்ற வினை. பலமுறை சரிபார்த்து, ‘நீங்கள் அழைத்தால் வருவேன்’ என்று அந்த அம்மாளுக்கு அனுப்பினேன். அதிகப்பிரசங்கித்தனமோ என்ற பயத்தில் மதியம் முழுக்க போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

பதிலுக்கு ஒரு படம் வந்தது. விரித்த கட்டில், இரண்டு தலையணைகள், ஒன்றின் அருகே உன் மூக்குக்கண்ணாடி. மற்றதன்மேல் ஒரு காகிதத்தில் ‘வாங்கோ’ என்று தமிழில், கோணல்மாணலாக. அது உன் கையெழுத்து இல்லை. அவரும் உன்னிடம் தமிழ் படிக்கிறார் போலும். நீ சொல்லவே இல்லையே.

துளசிச்செடியை மாடிவீட்டு கோஷ்தாவிடம் ஒப்படைத்துவிட்டேன். “கூப் டாண்டா, தாதா” என்று அங்கத்திய குளிருக்குத் தன் மங்கி கேப்பைக் கொடுத்தார்.

பெருங்காயம் எவ்வளவு எடுத்துவரட்டும்?

உன் வீட்டுக்காரன்