சாப்பாட்டு மேசையில் கொடிச் சண்டை

ஒட்டாவா, செப்டம்பர் 1964

மதிப்பிற்குரிய ஹெக்டருக்கு,

உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். என் இருமல் பொருட்படுத்தத் தக்கதன்று. நாட்டின் புதிய கொடிக்கென ஹாக்கி மட்டையை வரைந்து அனுப்புவோரின் பிரெஞ்சுக் கடிதங்களை நாடாளுமன்றக் குழுவுக்கு மொழிபெயர்த்தே சலித்துவிட்டேன்.

நேற்று விடுதியில் சிறு சச்சரவு; கவலை வேண்டாம். முன்னாள் படைவீரர் பிளெட்சர் என்னைப் பார்த்து மேசையைத் தட்டினார்.

"நம்ம பசங்க பழைய கொடிக்காக உயிரை விட்டாங்க. இப்ப மரத்துலேருந்து ஒரு இலையைப் பிச்சு ஒட்டுவாங்களாம்! உங்க மகனைக் கேட்டுப் பாருங்கம்மா!"

"கேக்கத்தான் முடியாதே. அவன் கல்லறையில செதுக்கியிருக்கிறது மேப்பிள் இலை, உங்க கொடி இல்ல. சூப்பு ஆறுது, குடிங்க."

இனி என்னை அறையிலேயே உண்ணச் சொல்லிவிட்டாள் விடுதிக்காரி. கம்பளிக் காலுறை அனுப்புங்கள். உண்ணும்போது படிக்க நம் ஊர்ச் செய்தித்தாளும், பழையதானாலும் சரி.

படைவீரர் சங்கத்தில் பழைய கொடிக்காக நம் மகன் நீலின் பெயரால் பேச உங்களை அழைத்திருக்கிறார்களாமே. உங்கள் பெயரால் தாராளமாகப் பேசுங்கள். அந்த இலையைச் செதுக்கியதும் அரசாங்கமே, அவனல்லன். நான் அதைச் சொன்னதும் தவறுதான். பத்தொன்பது வயதில் இறந்தவன் எந்தக் கொடியை விரும்பியிருப்பான் என்பது நம் இருவருக்குமே தெரியாது.

தபால் வண்டி கிளம்புகிறது.

மேபெல்