துண்டு விழுந்த பதின்மூன்று ரூபாய்

போன வியாழக்கிழமை உன் கையெழுத்தைப் பார்த்தேன். பென்சில் எழுத்து மங்கிவிட்டது. ஏழாம் எண்ணின் நடுவில் வெள்ளைக்காரன் போலக் குறுக்கே ஒரு கோடு போடுவாயே, அது மட்டும் நேற்றுப் போட்டதுபோல் இருந்தது. வில்லியனூர் வீட்டில் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் கல்யாணப் பதிவுக் காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தாள் உன் தங்கச்சி. என் மனைவியை நீ முதல்நாள் பார்த்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாய்; இந்த மடலிலும் அவள் அப்படியே இருக்கட்டும். பதிவுக் காகிதத்துக்குக் கீழே, நான்காக மடித்து, நீ போட்டுக் கொடுத்த கணக்கு கிடந்தது.

அந்தப் பதிவுக் காகிதம் எதற்கென்று கேட்பாய். வேலையை விட்டுவிடலாமா என்று அன்று மறுபடியும் பேச உட்கார்ந்தோம். நாங்கள் இருவரும் முன்கூட்டியே ரெத்ரேத்துக்கு, அதாவது பென்சனுக்கு, எழுதிக் கொடுப்பதென்றால் இன்னின்ன காகிதங்கள் வேண்டுமாம். போன தடவை இப்படி உட்கார்ந்தபோது நீ கூட இருந்தாய். நான்கு வருடம் ஆகிறது.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே ஆத்திரம் அடங்குகிறது. எனக்குப் பாகூர் ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடம், அவளுக்கு வில்லியனூர் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். கல்யாணமான மறு வருடம் விழுந்த பிரிவு. இருபத்திரண்டு வருடமாக அவள் ஒரு வீடு, நான் ஒரு வீடு. புதன்கிழமை பள்ளி விட்டதும் சைக்கிளில் ஏறினால் கரிக்கலாம்பாக்கம் தாண்டி, நம் பிரெஞ்சு எல்லைக்கு நடுவே கிடக்கும் இங்கிலீஷ்காரன் துண்டையும் தாண்டி, விளக்கேற்றும் நேரத்துக்கு வில்லியனூர். வியாழன் விடுமுறை. வெள்ளிக்கிழமை கோழி கூவக் கிளம்பினால் மணியடிப்பதற்குள் பாகூர். சனிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் சைக்கிள். வாரத்தில் இரண்டு நாள் புருஷன்.

வில்லியனூரில் இரண்டு தடவை இடம் காலியானது. முதல் தடவை அந்த இடம் கிடைத்தவன் வீட்டில் மேலதிகாரி ஒருவர் மூன்று நாள் விருந்து சாப்பிட்டிருந்தார். இரண்டாம் தடவை கிடைத்தவன் என்னிடம் படித்தவன். வினைச்சொற்களை இன்றுவரை தப்பாகத்தான் எழுதுகிறான். நான் எழுதின மனுக்களை அடுக்கினால் முழங்கால் உயரம் வரும். அந்த மேலதிகாரி ஒன்றை முழுக்கப் படித்துவிட்டு, "பிரெஞ்சு நன்றாக எழுதுகிறீர்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பாராட்டத் தெரிந்தது அவ்வளவுதான். வீட்டிலாவது நியாயம் கிடைத்ததா? ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தையெல்லாம் என் அண்ணன் தன் பங்கில் வைத்துக்கொண்டு எனக்கு மேட்டுக் கொல்லையைத் தள்ளிவிட்டார். வேலையை விட்டால் பென்சனைத் தவிர எங்களுக்கு வேறு கதியில்லை என்பது அவரால் வந்த வினை.

பாகூர் வீட்டுக்கு நீ குடிவந்தது உன் மனைவி இறந்த வருடம். வாடகையைப் பாதிப் பாதியாகப் போட்டோம். சோறு நான் வடிப்பேன், குழம்பு நீ வைப்பாய். பள்ளிக்கூடத்தில் உன்னிடம் கணக்கு, என்னிடம் பிரெஞ்சு. ஊரில் பாகம் பிரிக்கிறவனும், கரும்பு விற்றவனும், வயல் அளந்தவனும் நம் வாசலுக்குத்தான் வருவான். அவர்கள் கத்தும்போது நீ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "கணக்கு போடறப்ப கோவம் வரக் கூடாதுபா, விட தப்பாப் பூடும்" என்பாய். உன் விடை தப்பிப்போய் நான் பார்த்ததில்லை. அதைத்தான் இப்போது யோசித்துக் கொண்டிருக்கிறேன்.

நான்கு வருடம் முன்னால் அவளுக்கு ஓயாத தலைவலி. சாயங்காலமானால் பிள்ளைகளின் சிலேட்டு எழுத்து கலைந்து தெரிகிறது என்றாள். குறைந்த பென்சனானாலும் போதும், இருவரும் விட்டுவிட்டு ஒன்றாக இருப்போம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். நான் பயந்தேன். "நம்ம வாத்தியார ஒரு கணக்கு போடச் சொல்லலாம்" என்றேன். அடுத்த வியாழக்கிழமை நீயும் என்னோடு சைக்கிள் மிதித்து வில்லியனூர் வந்தாய். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் காகிதம் ஒன்றைக் கிழித்து வைத்துக்கொண்டாய்.

"சொல்லுபா வாத்தியாரே, வாடக எம்மாம்?"

"பாகூர்ல என் பங்கு நாலு. இங்க அஞ்சு."

"ஒம்போது. அரிசி?"

அங்கே ஆவதை நான் சொன்னேன். இங்கே ஆவதை அவள் அடுப்படியிலிருந்து சொன்னாள். நீ இரண்டையும் எழுதினாய்.

"மண்ணெண்ண எம்மாம் ஆவுது தங்கச்சி?"

"எந்த வூட்டுக்கு அண்ணே?"

"ரெண்டுத்துக்கும் சொல்லும்மா."

அவள் சொன்னாள். விறகு, வண்ணான் கூலி எல்லாம் இரண்டிரண்டாக வந்தன. என் சைக்கிள் டயருக்கு மாதம் ஒரு ரூபாய் ஒதுக்கினாய். "இந்த ஆளு மிதிக்கிற மிதிக்கு ஒரு ரூபா பத்தாது தங்கச்சி" என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தாய். பிள்ளைகள் என்ற வரியை நீ எழுதவே இல்லை. எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை என்பதை வாயால் சொல்லாமலே கடந்து போகும் நாசூக்கு உனக்கு எப்போதும் உண்டு.

கடைசியில் கூட்டினாய். கூட்டியதை ஒரு தடவை கீழிருந்து மேலே சரி பார்த்தாய். "மாசம் நாப்பத்தேழு. ரெண்டு பேரு ரெத்ரேத்தும் சேந்தா முப்பத்திநாலு. பதிமூணு துண்டு விழுதுபா."

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அவளும் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். எண்கள் எல்லாம் சரி. காகிதத்தை வாங்கி நான்காக மடித்தவள், "சரிண்ணே, சோறு ஆறுது, வாங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவள் எடுக்காததையே ஒரு குறையாக நான் மனதில் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பாகூரில் வீராம்பட்டினத்து மீன்காரம்மா கூடையை இறக்கினபோது, எப்போதும் பேரம் பேசுகிற நீ பேரம் பேசாமல் வஞ்சிரம் வாங்கினாய். "இன்னாபா இன்னிக்கி இவ்ளோ தாராளம்?" என்று கேட்டேன். "துன்றதுக்கு ஆளு இருக்கறப்ப வாங்கணும்பா" என்றாய். நன்றாகச் சாப்பிட்டோம்.

இரண்டு வருடம் கழித்து விஷக் காய்ச்சல் வந்து பதினோரு நாள் கிடந்தாய். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், துணி மாற்றினேன், வைத்தியரை வண்டி வைத்துக் கூட்டி வந்தேன். உன் அக்காள் பிள்ளைகள் திருவாண்டார்கோயிலிலிருந்து, நீ போய்ச் சேர்ந்த மறுநாள், பன்னிரண்டாம் நாள், வந்து உன் பாத்திரங்களை எடுத்துப் போனார்கள். அவர்களையும் நான் மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் முழு வாடகை கொடுத்துக்கொண்டு தனியாக இருக்கிறேன். குழம்பு வைக்க எனக்கு இன்னும் வரவில்லை.

இனி போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். கல்யாணப் பதிவை மடியில் வைத்துக்கொண்டு, உன் காகிதத்தை ஜன்னலோரம் எடுத்துப் போய் கண்ணுக்கு வெகு அருகில் பிடித்துப் படித்தாள். இப்போது அவளுக்கு அப்படித்தான் தெரிகிறது.

"இன்னாங்க, இதுல மண்ணெண்ண ரெண்டு தடவ கீதே."

"ஆமா. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு."

"வெறகும் ரெண்டு கீது. வாடகயும்."

"ஆமா, ரெண்டு வூடு இல்ல?" என்றேன். எனக்கு எரிச்சல்கூட வந்தது.

அவள் காகிதத்தை இறக்கி என்னைப் பார்த்தாள். "ரெத்ரேத்து வாங்கிக்கினு நீங்க இங்க வந்துட்ட பொறவு, அந்த வூட்ல யாரு இருப்பாங்க?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் காகிதத்தை வாங்கிக்கொண்டேன். பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன். பாகூர் வாடகை, பாகூர் அரிசி (வில்லியனூர் அரிசியை அவள் எப்போதும்போல் இருவருக்கும் சேர்த்தே சொல்லியிருந்தாள்), எண்ணெய், விறகு, வண்ணான், அவளைப் பார்க்க வருவதற்கான டயர். பதினைந்து ரூபாய் போனது. அன்றைக்கு எங்களுக்கு முப்பத்திரண்டு போதும்; பென்சன் முப்பத்திநாலு. மாதம் இரண்டு ரூபாய் மீந்திருக்கும். ஒன்றாக வாழ முடியுமா என்று பார்க்க உட்கார்ந்து, தனித்தனியாக வாழ்வதற்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். நான்கு வருடம்.

இன்றைய விலையில் ஒரு வீட்டுக்கு என்று புதிதாகப் போட்டேன். யுத்தம் வந்ததிலிருந்து அரிசி விற்கிற விலை உனக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் பணம் கொடுத்தாலும் கிடைப்பதில்லை. இந்த நான்கு வருட வேலைக்குக் கூடுதலாக வருவதையும் சேர்த்தால் பென்சன் முப்பத்தெட்டு, செலவு நாற்பத்தொன்று. நிஜமாகவே மூன்று ரூபாய் துண்டு விழுகிறது. முழுப் பென்சனுக்கு எனக்கு இன்னும் ஆறு வருடம் பாக்கி. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"மூணு ரூபாய்க்கு ஆறு வருஷமா?" என்றாள். "அதுக்குள்ள எனக்குக் கண்ணு சுத்தமாத் தெரியாமப் பூடும். அப்புறம் நீங்க எதிர்ல வந்து குந்திக்கினா எனக்கு இன்னா, குந்தாட்டி எனக்கு இன்னா?"

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"ராவுல கஞ்சி குடிச்சிக்கலாம். பொழுதோட வெளக்க அணச்சிட்டுப் படுத்துக்கலாம். ஒங்களுக்கு மூக்குப்பொடி கெடையாது, சொல்லிட்டேன்."

"மூக்குப்பொடி மாசம் அரை ரூபாதான்."

"அப்ப ரெண்டரை ரூபாக்கு நான் வழி பண்றேன். எழுதுங்க."

எழுதினேன். என் மனுக்களிலேயே சின்னது அதுதான். யாரையும் குறை சொல்லாமல் நான் எழுதின மனுவும் அது ஒன்றுதான். அவள் கையெழுத்தைப் போடக் கோடு எங்கே இருக்கிறதென்று நான் விரலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன். பரீட்சை முடிந்ததும் பாகூர் வீட்டைக் காலி செய்கிறேன். ஒரே வீட்டில் ஏழு நாளும் எப்படி இருப்பது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் விளக்குமாற்றை வைக்கும் மூலையைப் பற்றிச் சண்டை போட்டோம். பழகிவிடும் என்கிறாள்.

மனு எழுதி முடித்த பிறகு உன்னைப் பற்றிப் பேசினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஊரெல்லாம் நம்பி வந்த கணக்கு வாத்தியாருக்கு, இரண்டு வீடு ஒரு வீடாகும் என்பது தெரியாதா? நான் போய்விட்டால் பாகூரில் தனியாகக் கிடக்க வேண்டும் என்று தெரிந்தேதான் போட்டான். அந்த மீன்கூட அதற்காகத்தான் என்றேன்.

"அண்ணன் மேல பழி போடாதீங்க," என்றாள் அவள். "அவரு கேட்டாரு, நாமதான் சொன்னோம். நீங்க அங்கத்துது சொன்னீங்க, நான் இங்கத்துது சொன்னேன். மூணு பேரு பாத்தோமே, ஒருத்தருக்கும் தோணலியே. அப்பிடியே பழகிப் பூட்டோம்." தகரப் பெட்டியை மூடிக்கொண்டே, "பாவம், அவருக்கும் நீங்க அந்த வூட்ல இருக்கறதுதான பழக்கம்" என்றாள்.

அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அவள் சொல்வது அநேகமாகச் சரியாகவே இருந்திருக்கிறது. நீ அன்றைக்குக் கூட்டும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று பலமுறை நினைத்துப் பார்த்தேன். கீழிருந்து மேலே சரி பார்த்தபோது ஏதோ ஒரு வரியில் பென்சில் நின்றது போலவும் தோன்றுகிறது, நிற்காதது போலவும் தோன்றுகிறது. ஒன்றும் பிடிபடவில்லை.

இருந்தாலும் அவள் பக்கத்து நியாயத்தை நான் ஏற்கப்போவதில்லை. என் அண்ணன் என்னைத் தள்ளினார். மேலிடத்தில் எவனும் என்னை ஓர் ஊரில் வேண்டும் என்று கேட்டதில்லை. வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கத்தான் பாகூர். நான் போய்விடக் கூடாதே என்று இத்தனை வருடத்தில் ஒரே ஒருவன் பயந்திருக்கிறான்; அதற்காக, தன் வாழ்நாளில் ஒரே தடவை ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறான். எனக்கு அது வேண்டும். எங்கள் நான்கு வருடத்தைத் தின்றவன் என்று உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கப் போகிறேன். தெரியாமல் செய்த பிழை என்று மட்டும் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.