உனக்கு நான் மாற்றிப் படித்த செய்தி

கூலிங் கிளாஸோடு மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்ட என் அன்பு மச்சான் நாதனுக்கு,

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். வேறு எந்த மொழியிலும் எனக்கு நிதானமாக எழுத வராது. நீங்கள் பல தலைமுறைக்கு முன்பே கப்பலேறி வந்த மலாக்காச் செட்டிகள். நாங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்கள். மலாக்காவின் காஜா பெராங் பக்கம் உங்கள் வீடுகளில் சாமி பெயர் தமிழ், ஆட்களின் பெயர் தமிழ், வாயைத் திறந்தால் மலாய். உனக்குத் தெரிந்த தமிழ் ‘மச்சான்’ என்ற ஒரு சொல்லும், கோயிலில் முணுமுணுக்கும் இரண்டு வரியும்தான்.

ஆகவே நீ பேசியதை எல்லாம் இங்கே நான் தமிழாக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. உன்னிடம் மொழிபெயர்த்து ஒரு தடவை மோசம் செய்தவன் நான். இந்தத் தடவை கவனமாக இருக்கிறேன்.

போன வாரம் உன் மகள் மீனா போன் செய்தாள். உன் கிட்டார் பெட்டியைத் திறந்தாளாம். மூடியின் உள்பக்கம் ஒரு தமிழ்ப் பத்திரிகைத் துண்டு ஒட்டியிருக்கிறதாம், மஞ்சளாகி, ஓரமெல்லாம் உதிர்ந்து.

“மாமா, பர்ச்சுக்கு நீங்க வந்து இத எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும். பாப்பாவ பத்தி எழுதுனதுலயே இதுதான் பெருசுன்னு சாகுற வரைக்கும் சொல்லுவாரு. எங்க யாருக்கும் இது படிக்க வரல” என்றாள். அவளுக்கு நீ ‘பாப்பா’.

பொங்கலுக்கு முதல் நாள், போன உயிர்களுக்குப் பிடித்ததை எல்லாம் வாழை இலையில் பரப்பி, பெயர் சொல்லி அழைப்பீர்களே, அந்தப் பர்ச்சு. நீ இலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் முதன்முதலாக இலைக்கு அந்தப் பக்கம் இருக்கப் போகிறாய். நாசி லெமாக் சோறு, கறுப்புக் காப்பி, உன் சிகரெட், பக்கத்தில் உன் கிட்டார். அதற்குப் பக்கத்தில் நின்று நான் அந்தத் துண்டைப் படிக்க வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டேன் மச்சான். அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்பது அப்போது எனக்கும் நம் காதருக்கும் மட்டுந்தான் தெரிந்திருந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஊரில் மின்சாரக் கிட்டார் நுழைந்திருந்தது. மூன்று பேர் சேர்ந்தால் ஒரு பேண்ட். உன் பேண்டுக்கு ‘தி கூலிங் கிளாஸஸ்’ என்று பெயர் வைத்தாய். காரணம் கேட்டதற்கு, “நாலு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை தைக்க முடியாது, கண்ணாடி வாங்கலாம்” என்றாய். கிட்டார் நீ. டிரம்ஸ் நம் துணிக்கடைக் காதர். பாடியவன் கடலோரம் உஜோங் பாசிரிலிருந்து வந்த லெஸ்லி. பாஸ் கிட்டாருக்கு மாதத்துக்கு ஓர் ஆள் வந்து போனான்.

நமக்குள் நடந்த சண்டையெல்லாம் பேண்டுகளைப் பற்றித்தான், இல்லையா? எனக்கு உஜோங் பாசிரின் ‘லேம்ப் போஸ்ட்ஸ்’ பிடிக்கும். ஒரு கம்பி பிசகாது. இசைத்தட்டில் கேட்டது அப்படியே மேடையில் கேட்கும். நீ காறித் துப்புவாய். “இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வாசிக்கிறானுங்க லா. இசைத்தட்டு கேக்கணும்னா வீட்டுலயே கேக்கலாம், எதுக்கு மச்சான் சைக்கிள் மிதிச்சுப் போகணும்?” டிரம்ஸ் வாசிப்பவன் சிரிக்கக் கூடாது என்பது உன் இன்னொரு சட்டம். சிரித்தால் அவன் தாளத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தமாம். இதற்காகவே காதர் இரண்டு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்தான்.

பாட்டு முடிந்து வீட்டுக்குப் போனபிறகும் காதில் மிச்சம் இருக்க வேண்டும், அதுதான் நல்ல பேண்ட் என்பாய். அப்போது நான் அதை ஒப்புக்கொண்டதில்லை.

நான் அப்போது கோலாலம்பூரிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மலாக்கா நிருபர். கோயில் விழா, பள்ளிக்கூட விளையாட்டு, மந்திரி வருகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உஜோங் பாசிர் மண்டபத்தில் உங்கள் நிகழ்ச்சி. காதரின் அத்தா கடையில் பழுதாகிக் கிடந்த வால்வு ரேடியோவைப் பிரித்து, தேயிலைப் பெட்டிப் பலகைக்குள் அடைத்து, நீயே ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்திருந்தாய். அன்றுதான் அதற்கு அரங்கேற்றம். படம் எடுத்தேன். செய்தியும் எழுதினேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக அச்சில் வந்த என் சொந்த அபிப்பிராயம் அது. இன்றும் மனப்பாடம்.

“பாடகர் பாடினார் என்பதை அவருடைய வாய் அசைவிலிருந்து அறிந்துகொண்டோம். கிட்டார் வாசித்த இளைஞர் தம் கருவியைத் தவிர வேறெதையும் கேட்டதாகத் தெரியவில்லை. சத்தம் திறமை ஆகாது.”

நண்பன் என்றும் பார்க்காமல் எழுதினேன் என்று எனக்கு ஒரே பெருமை. உண்மையைச் சொன்னால், அந்தத் தைரியம் வந்ததற்கே காரணம் வேறு. நீ படிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

பத்திரிகையில் உன் படம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, நீ வாங்கிக்கொண்டு நேரே காப்பிக் கடைக்கு வந்துவிட்டாய். நானும் காதரும் உட்கார்ந்திருந்தோம். வியர்வையில் உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பத்திரிகையை என் முன்னால் விரித்து, “படி மச்சான், மெதுவா படி” என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

“கிட்டாரு இடி மாதிரி எறங்குச்சு. பாடுனவரு வாய் அசைஞ்சத மட்டுந்தான் பாத்தோம், மத்த எல்லாத்தையும் அந்தக் கிட்டாரே பாடிடுச்சு” என்று மலாயில் சொன்னேன்.

காதர் பத்திரிகையைத் தன் பக்கம் திருப்பினான். அவனுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும்.

“என்னா வேலு, இதுல அப்படியா போட்டிருக்கு?”

“வாய மூடு பாய். அப்புறம் சொல்றேன்.”

“எழுதுறது ஒரு கையி, படிக்கிறது வேற வாயா? நல்லா இருக்குயா ஒன் பொழப்பு.”

நீ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாய். “அப்பா டியா சாக்காப்?” என்றாய். இவன் என்ன சொல்கிறான் என்று கேட்டாய்.

“டிரம்ஸ பத்தி ஒரு வரிகூட இல்லையாம். கோவமா இருக்கான்” என்றேன்.

நீ எழுந்துபோய்க் காதருக்கு, தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ஒரு காயா ரொட்டி சொல்லிவிட்டு வந்தாய். அவன் தோளில் தட்டி, “ஒன்ன பத்தியும் ஒருநாள் எழுதுவான் லா, விடு” என்று தேற்றினாய். காதர் அந்த ரொட்டியைக் கடைசித் துண்டு வரை தின்றான். தின்று முடிக்கும்வரை கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை.

அங்கேயே முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நீ ஆம்ப்ளிஃபயரில் இரண்டாவது ஸ்பீக்கர் சேர்த்தாய். கடற்கரைத் திடலில் பேண்டுகளுக்கான போட்டி வந்துகொண்டிருந்தது. ஒத்திகையில் லெஸ்லி கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டான்: “கொஞ்சம் கொறைச்சு வாசி நாதன். நான் பாடுறது எனக்கே கேக்கல.” நீ என்னைக் காட்டி, “பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு இவன கேளு” என்றாய்.

லெஸ்லி என்னைப் பார்த்தான். ஒரு வாக்கியம் போதும் மச்சான். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். மறுவாரம் லெஸ்லி லேம்ப் போஸ்ட்ஸுக்குப் போய்விட்டான்.

போட்டியன்று உங்களுக்குப் பாடகன் இல்லை. மூன்று பாட்டு வாசிக்க வேண்டும். முதல் இரண்டையும் காதர் டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடப் பார்த்தான். “ஓய், கடைக்குப் போய்ச் சீலையை அளந்து போடுயா!” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். திடலே சிரித்தது. நீ திரும்பிக் காதரிடம் ஏதோ சொன்னாய். அவன் மைக்கைத் தள்ளி வைத்தான்.

மூன்றாவதில் பாட்டே இல்லை. நீ ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழை முழுசாகத் திருப்பினாய். வால்வு சாகத் தொடங்கியிருந்தது என்று பிறகு தெரிந்தது. கிட்டாரின் சத்தம் நடுவில் கிழிந்தது, நீளமான துணியை ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல. நீ நிறுத்தவில்லை. கிழிந்த சத்தத்துக்குள்ளேயே போய் வாசித்தாய். ஐஸ் சீவிக்கொண்டிருந்தவர் சக்கரத்தின்மேல் கையை வைத்தபடி நின்றுவிட்டார். சிரித்தவர்கள் வாயை மூடியிருந்தார்கள். காதர் எதையும் எண்ணவில்லை. நான் நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தேன். ஒரு சொல்கூட எழுதவில்லை.

பெட்டியிலிருந்து புகை வந்தது. பாதியில் எல்லாம் நின்றது. பாட்டை முடிக்காததால் நடுவர்கள் உங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. லேம்ப் போஸ்ட்ஸ் கோப்பையைத் தூக்கியது. நீ மேடையிலிருந்து இறங்கி, “இடி கேட்டுச்சா மச்சான்?” என்றாய். கேட்டது என்றேன். உன்னிடம் நான் சொன்ன உண்மைகளில் அதுவும் ஒன்று.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். முழுப் பக்கம். அந்த மூன்றாவது பாட்டைப் பற்றி மட்டும். பத்திரிகைக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். இடமில்லை என்று போடவில்லை. நகல் எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. நீ வேலைக்குப் போனாய், கல்யாணம் செய்தாய், மீனா பிறந்தாள். மேடை மட்டும் ஏறவில்லை. நான் மாற்றிப் படித்ததுதான் காரணமா? லெஸ்லி இருந்திருந்தால்? நீயே ஒருநாள் நிறுத்தியிருப்பாயா? நிருபனாக எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். உன்னிடம் கேட்க வேண்டியதை ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியாக நான் உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ அந்தத் துண்டைப் பற்றிப் பேச்செடுத்தாய். “அத ஒரு தடவ சொல்லு மச்சான், ஒனக்குத்தான் மனப்பாடமாச்சே.” சொன்னேன். கிட்டார் பாடியது, வாய் அசைந்தது, எல்லாம் சொன்னேன். நீ கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சிரித்தாய்.

“முன்னாடி இடி இருந்துச்சே. எங்க போச்சு?”

என்னவென்று எடுத்துக்கொள்வது அதை? மறந்துபோனதை நினைவுபடுத்தினாயா? அத்தனை வருஷமும் தெரிந்துகொண்டேதான் கேட்டாயா? நான் பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். மறுபடி நான் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

ஊர் செய்தி ஒன்று சொல்கிறேன். போன மாதம் ஆற்றோரம் பழைய கிடங்கு ஒன்றில் மூன்று பெண்கள் வாசித்தார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நானும் போனேன், கிழவன் நான் ஒருத்தன்தான். கிட்டார்க்காரியின் காலடியில் ஒரு சின்னப் பெட்டி. அதை மிதித்தால், உன் ஆம்ப்ளிஃபயர் சாகும்போது போட்டதே, அதே சத்தம் வருகிறது. வேண்டும்போது மிதிக்கிறாள், வேண்டாதபோது விடுகிறாள். டிரம்ஸ்காரி சிரிக்கவில்லை. உனக்குப் பிடித்திருக்கும். பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன். வீட்டுக்கு வந்தும் காதில் இருந்தது. திரும்பி உன்னிடம் சொல்லலாம் என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்.

நான் எழுதிய செய்தியை இப்போது திருத்தச் சொன்னால் எதைத் திருத்துவேன் என்று யோசித்துப் பார்த்தேன். லெஸ்லி பாடியது கேட்கவில்லை. அது நடந்தது, அது இருக்கட்டும். ‘சத்தம் திறமை ஆகாது’ என்ற கடைசி வரி மட்டும் செய்தி அல்ல. அது என் கர்வம்.

காதருக்குப் போன் செய்தேன். மூச்சு வாங்குகிறது அவனுக்கு, வாய் மட்டும் குறையவில்லை. “பர்ச்சுக்கு நானும் வர்றேன்யா. இந்தத் தடவயாச்சும் அச்சுல உள்ளத படி. இல்லன்னா நான் எந்திரிச்சுப் படிப்பேன். அந்தக் காயா ரொட்டி இன்னும் தொண்டையிலயே நிக்கிது” என்றான்.

அவன் எழுந்திருக்க வேண்டியிருக்காது. மீனாவிடம் நேற்றே உண்மையைச் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, “அப்படியே படிங்க மாமா. பாப்பா அந்தப் பேப்பரத்தான் வெச்சிருந்தாரு” என்றாள்.

ஆகவே இது என் வாக்கு. இலை போட்டு உன்னை அழைத்தபிறகு, அந்தத் துண்டில் உள்ளதை முதலில் தமிழில் படிப்பேன். பிறகு உன் மலாயில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். அதன்பிறகு, பஸ்ஸில் போய்த் திரும்பி வராத அந்த மூன்றாவது பாட்டின் செய்தி. அதை நேற்று முழுக்க உட்கார்ந்து மறுபடி எழுதி வைத்திருக்கிறேன். ஐஸ்காரரின் கை அதில் இருக்கிறது. இடியும் இருக்கிறது, அது இருக்க வேண்டிய இடத்தில்.

உரக்கவே படிப்பேன் மச்சான். இத்தனை வருஷம் நீ பார்த்தது என் வாய் அசைவை மட்டுந்தான்.

மீனாவுக்கு மாமனும்
உனக்கு என்றும் மச்சானுமான
வேலு