ஏழு வருட வாரண்டி

பூந்தமல்லி
3 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் ரூஹிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் மாப்பிள்ளை மஸூத்தும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது மெயில் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. எழுதினால் முழுதாகப் படித்துத்தானே ஆகவேண்டும்.

லைசென்ஸ் வந்துவிட்டது. ரிவர்ஸ் எடுத்துக் காட்டியதும் இன்ஸ்பெக்டர் "போதும், இறங்குங்கம்மா" என்றார். தோற்றுவிட்டேன் என்று நினைத்து இறங்கினேன். பாஸாம்.

அடுத்து கார். புதுக் கார். பழைய வண்டிப் பேச்சே என்னிடம் எடுக்கக்கூடாது. உன் அத்தா, அல்லாஹ் அவருக்கு மறுமையில் நல்ல இடம் கொடுக்கட்டும், அந்த ஓட்டை வேனை வைத்துக்கொண்டு நம்மைப் படுத்திய பாடு உனக்குத் தெரியும். நான் அதில் உட்கார்ந்து போனதைவிடத் தள்ளிக்கொண்டு போனதுதான் அதிகம். நீயும் ஸ்கூல் யூனிஃபார்மோடு பக்கத்தில் நின்று தள்ளியிருக்கிறாய். வண்டி கிளம்பிவிட்டால் அவர் நிறுத்தமாட்டார், நாம்தான் பின்னாலேயே ஓடி ஏறவேண்டும்.

நம் மணப்பெண் அலங்காரக் கடைக்கும் கார் தேவைப்படுகிறது. திருநின்றவூர், ஆவடி என்று புக்கிங் குவிகிறது. கல்யாணப் பெண்ணின் லெஹங்காவை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனால், போய்ச் சேர்வதற்குள் அதுவும் கசங்கி, நானும் அழுமூஞ்சியாகிவிடுகிறேன்.

இரண்டு கார் மனதில் இருக்கிறது. ஒன்று புதிதாக வந்த கம்பெனியின் சிவப்புக் கார். கூரை திறக்கும், வாரண்டி ஐந்து வருஷம். இன்னொன்று ரொம்ப நாளாக இருக்கும் கம்பெனியின் வெள்ளைக் கார். பார்க்கச் சாது. வாரண்டி மூன்று வருஷம்தான், பணம் கட்டினால் ஏழு வரைக்கும் நீட்டலாமாம். எது நல்லது என்று பார்த்துச் சொல். எனக்குச் சிவப்பின் மேல் ஆசை.

துஆவுடன்,
அம்மா நசீம் பானு

கால்கரி
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வ அலைக்கும் சலாம். முழுதாகப் படித்தேன், இரண்டு தடவை. நீங்கள் அனுப்பிய லைசென்ஸ் போட்டோவில் ஏன் அப்படி முறைக்கிறீர்கள்?

ஐந்து வருஷம், ஏழு வருஷம் என்று நம்பரைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு சாமான் பழுதானால் எத்தனை நாளில் வரும், சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். அடிக்கடி ரிப்பேர் ஆகிற வண்டிக்கு எவ்வளவு வாரண்டி கொடுத்தும் பிரயோஜனம் இல்லை.

ஆனால் அம்மா, இப்போது எதற்குக் கார்? ஒரே தடவையில் ஐந்து வருஷம் தங்குகிற மாதிரி உங்களுக்கு விசா போடுகிறோம் என்று சொன்னேனே, நீங்களும் பார்க்கலாம் என்றீர்களே. ஃபார்ம் அனுப்பியிருக்கிறேன். அடுத்த வருஷம் இந்நேரம் நீங்கள் இங்கே இருப்பீர்கள். கீழ் அறையில் மஸூத் பச்சைத் திரை மாட்டிவிட்டார், உங்களுக்குப் பிடிக்குமென்று.

வாங்கியே தீருவேன் என்றால் சீக்கிரம் விலைபோகிற வண்டியாக வாங்குங்கள். கிளம்பும்போது விற்கச் சுலபமாக இருக்கும். வாரண்டியை நீட்ட மட்டும் ஒரு பைசா கொடுக்காதீர்கள். வீண்.

அன்புடன்,
ரூஹி

பூந்தமல்லி
16 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் ரூஹிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சொன்னபடியே கேட்டேன். ஆனால் ஷோரூமில் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியாதா? நான் துணி எடுக்கும்போது முன்பக்கத்து ஜரிகையைப் பார்க்கமாட்டேன், உள்ளே திருப்பித் தையலைத்தான் பார்ப்பேன். அதனால் நேரே சர்வீஸ் சென்டருக்குப் போய், வண்டி விட வந்தவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். ஏசி, டீ, பிஸ்கட் எல்லாம் உண்டு.

சிவப்புக் காருக்கு இந்தப் பக்கத்துக்கெல்லாம் ஒரே ஒரு சென்டர், அதுவும் பல மைல் தள்ளி. அங்கே தங்கவேல் என்று ஒரு டாக்ஸிக்காரர், அதே கார் வைத்திருப்பவர், வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்றேன். "இன்னாமோ ஒரு சென்சாராம் மேடம். கப்பல்ல வந்துகினு கீதாம். ஒரு மாசமா இதையேதான் சொல்றாங்க. வாரண்டி கீது, வண்டிதான் இல்ல" என்றார். என் சிவப்பு ஆசை அங்கேயே இறங்கிவிட்டது.

மறுநாள் அம்பத்தூரில் வெள்ளைக் காரின் சென்டர். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஆயில் மாற்ற வந்தவர்கள். சொல்வதற்கு ஒருத்தரிடமும் கதை இல்லை. எனக்குப் போரடித்தது. இந்தக் கார்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஷோரூம் பையன் லோகேஷ், "எல்லாமே வாரண்டில கவர் ஆவும் மேடம்" என்றான். "எதெல்லாம் ஆகாது, அதைச் சொல்லு தம்பி" என்றேன். பாவம், தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான். டயர், வைப்பர், பிரேக் கட்டை ஆகாது. கம்பெனி சொல்கிற நேரத்தில் சர்வீஸ் விடாவிட்டால் ஒன்றுமே ஆகாது. வெளியில் வயரை வெட்டி எதையாவது மாட்டினால் அதுவும் போச்சு. உன் அத்தா இருந்திருந்தால் முதல் நாளே ஹாரனை மாற்றியிருப்பார்.

இப்போது சிரிக்காமல் படி. ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். குமணன்சாவடி சிக்னலில் சிவப்பு விழுந்ததும் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. எனக்கு என்ன தோன்றியது என்றே தெரியவில்லை. ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து சீட்டிலிருந்த லோகேஷ் இறங்கி ஓடி வந்தான். "மேடம், மேடம், பெட்ரோல் மிச்சம் பண்ண அதுவே நிக்கும். கிளட்ச்ச மிதிச்சா அதுவே கிளம்பும்." பின்னாலிருந்த ஆட்டோக்காரர் சும்மா இருப்பாரா? "அண்ணாத்தே, புது வண்டிய இன்னாத்துக்கு அம்மாவ உட்டுத் தள்ளிகினு கீறே?" என்று ரோட்டுக்கே கேட்கும்படி கத்தினார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விசா ஃபார்ம் வந்தது. இங்கே நல்ல மழை.

துஆவுடன்,
அம்மா

கால்கரி
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சிரித்த சிரிப்பில் மஸூத் தன் மீட்டிங்கையே நிறுத்திவிட்டு வந்து என்ன என்று கேட்டார். அவருக்கும் படித்துக் காட்டினேன். வெள்ளைக் காரே எடுங்கள், எனக்குச் சந்தோஷம்.

ஆனால் விசாவைக் கேட்டால் மழை என்கிறீர்கள். போன ஜனவரியில் காய்ச்சலோடு போனை எடுக்காமல் படுத்திருந்தீர்களே, பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து இங்கே எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை. நீங்கள் தனியாக நடுரோட்டில் நின்றால் நான் யாரை அனுப்புவேன்? அன்றைக்காவது தள்ள நான் இருந்தேன்.

வருகிறீர்களா இல்லையா? நேராகச் சொல்லுங்கள். அதுவரைக்கும் அந்த வாரண்டிக்குப் பணம் கட்டாதீர்கள்.

ரூஹி

பூந்தமல்லி
6 செப்டம்பர் 2025

என் கண்ணு ரூஹிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கார் வந்துவிட்டது. நம் வாசலில் நிற்கிறது. எழுந்து எழுந்து போய் ஜன்னலில் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். ஷோரூமில் பட்டுத்துணி போட்டு மூடிவைத்து, என்னைத் திறக்கச் சொன்னார்கள். எத்தனை கல்யாணப் பெண்ணுக்கு முக்காடு போட்டிருக்கிறேன், எனக்காக ஒன்றை நானே விலக்கியது இதுதான் முதல் தடவை.

கோபப்படாமல் படி. வாரண்டியை ஏழு வருஷத்துக்கு நீட்டிவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியதைப் படித்த பிறகுதான் கட்டினேன்.

பார்க்கலாம் என்று நான் சொன்னது உன்னிடம் முகத்தை முறித்துப் பேசக்கூடாதே என்பதற்காக. அங்கேயே வந்து தங்க எனக்கு விருப்பம் இல்லை, கண்ணே. உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. இங்கே நான் போகாவிட்டால் கல்யாணப் பெண் அறையைவிட்டு வெளியே வரமாட்டாள். அங்கே பச்சைத் திரைக்குப் பின்னால் நீ ஆபீஸ் முடித்து வரும்வரை என்ன செய்வேன் சொல்? உன் அத்தா போன பிறகு என்னை நானே தள்ளித் தள்ளித்தான் ஓட்டினேன். இப்போது கிளம்பிவிட்டேன். இந்த நேரத்தில் நிறுத்தச் சொல்லாதே.

உன் பயம் எனக்குப் புரிகிறது. பொன்னியம்மாவிடம் வீட்டுச் சாவி ஒன்று கொடுத்துவிட்டேன். தினமும் காலையில் உனக்கு ஒரு வரியாவது அனுப்புவேன், காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றே எழுதுவேன். வழியில் வண்டி நின்றால் கூப்பிட நம்பர் கொடுத்திருக்கிறார்கள். சோதித்துப் பார்க்க நேற்று சும்மா கூப்பிட்டேன், எடுத்தார்கள், திட்டவில்லை.

நீ விசாவைப் போடு. நோன்புப் பெருநாள் முடிந்ததும் வருகிறேன், இரண்டு மாதம் இருக்கிறேன். அதற்குமேல் வண்டியைச் சும்மா போட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்கிறான் லோகேஷ்.

இன்று காட்டுப்பாக்கம் சிக்னலில் வண்டி ஆஃப் ஆனது. கால் பரபரத்தது. ஆனாலும் இறங்கவில்லை. பச்சை விழுந்ததும் கிளட்சை மிதித்தேன், கிளம்பியது.

பதில் போடு. கோபமாக இருந்தாலும் போடு.

உன் அம்மா

கால்கரி
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வ அலைக்கும் சலாம். இத்தனை நாள் எழுதாதது கோபத்தில்தான். காலையில் வரும் உங்கள் ஒரு வரியைப் படித்துவிட்டுப் பதில் போடாமலே இருந்தேன். 'ஆவடி போகிறேன், பெண் குட்டை, லெஹங்கா நீளம்' என்று நேற்று வந்ததே, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அதற்குமேல் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

பச்சைத் திரை அப்படியே இருக்கட்டும், அந்த இரண்டு மாதத்துக்கு. டிசம்பரில் நாங்கள் வருகிறோம். ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி சொல்லவில்லை, நீங்கள்தான் வரவேண்டும். மஸூத் பெட்டிகளோடு பின்னால் உட்காரட்டும், முன் சீட் எனக்கு.

சிக்னலில் வண்டி நின்றால் நானும் இறங்கமாட்டேன் அம்மா. உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உங்கள்,
ரூஹி