தண்ணீர் காட்டக் கூடாத சுவர்

செவ்வாய். காலையிலிருந்தே புழுக்கம்.

சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது, நிஜ ஜிப்சம் போர்டு, நிஜ ஓட்டை, என் கை முழுசாக நுழையும் அளவு, எங்கள் வீட்டிலேயே!!!

நடந்தது: நைனா பைபிள் வசனப் படம் மாட்ட ஆணி அடித்தார். புத்தூரிலிருந்து திருப்பதிக்கு வாடகைக்கு வந்து ஒரு மாதம். ஞாயிறு சாயங்காலம் புது வீட்டு ஸ்தோத்திர ஜெபம், சபையிலிருந்து எல்லாரும் வருகிறார்கள். அதற்குள் படம் ஹாலில் ஏறியாக வேண்டும். நைனா முப்பது வருஷ மேஸ்திரி. செங்கல் சுவருக்கு அடிக்கிற அதே அடி. ஆணி உள்ளே போனது. பின்னாலேயே சுத்தியும்.

ஹாலுக்கும் என் ரூமுக்கும் நடுவில் இருப்பது தகரச் சட்டத்தில் போர்டு அடித்த தடுப்பு என்று வந்த அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்.

"இன்னாடி இது, பிஸ்கட்டு மாரி கீது." ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவுகிறார்.

"நைனா, தொடாத! ஓரம் உதுரும்!"

"நான் அடிச்ச ஓட்டைய நானே தொடக்கூடாதா?"

அம்மாவுக்கு ஓனரம்மா பயம். கீழ் வீட்டிலேயே இருக்கிறார். "அந்தம்மா பாத்தா இன்னா சொல்றது? வசனப் படத்த ஓட்டை மேலயே மாட்டிடுங்க, மறஞ்சிடும்."

"வசனத்த வெச்சி ஓட்டைய மறைக்கிறியா? அது கீழயே நின்னுகினு பாஸ்டரு ஜெபம் பண்ணுவாரு. நான் எப்பிடிம்மே கண்ண மூடுவேன்?"

நான் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வருஷமாகத் தலைவரின் வீடியோ ஒன்று விடாமல் பார்க்கிறேன். கனடாவில் எங்கேயோ போர்டுச் சுவர் பூசும் ஒரு தாடிக்காரர். ஒரு மூலையைப் பூசவே நாற்பது நிமிஷம். பின்னணிப் பாட்டு இல்லை, தகடு உரசும் சத்தம் மட்டும். நான் வாழ்ந்த வீடெல்லாம் செங்கல், சிமென்ட். ஏரியே இல்லாத ஊரில் உட்கார்ந்து நீச்சல் வீடியோ பார்த்த கதை. இப்போது ஏரி வீட்டுக்குள் வந்துவிட்டது.

"நானே செரி பண்றேன். யாரும் கிட்ட வராதீங்க."

அளவு (மறக்காமல்): ஜன்னல் பக்க மூலையிலிருந்து 2½ அடி. தரையிலிருந்து 5 அடி. போட்டோ 14. தலைவரின் சேனலிலும் ஒன்று போட்டேன். பதில் இல்லை. அங்கே இப்போது தூங்கும் நேரம்.


புதன். வெயில். பஸ்ஸில் நின்றுகொண்டே.

பெயின்ட் கடை. வாங்க வேண்டியவை: ஜாயின்ட் பவுடர், டேப், பட்டித் தகடு 2 (சின்னது, அகலம்), உப்புத்தாள், பிரைமர், ரோலர். கலருக்கு, உடைந்த துண்டில் ஒட்டியிருந்த பெயின்ட் தாளை நோட்டுக்குள் வைத்து எடுத்துப் போனேன்.

கடைக்காரர் சிமென்ட் பட்டிப் பையைத் தூக்கி வைத்தார். இங்கே எல்லாருக்கும் அது லப்பம்.

"லப்பம் வேணாம்ணா. இது போர்டு. போர்டுக்குப் போடற பவுடரு குடுங்க."

"மேஸ்திரி லப்பம்தான் கேப்பாரும்மா. யாரு மேஸ்திரி?"

"நான்தான்."

கடையில் இருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பவுடர் கிடைத்தது. மிஷினில் கலர் கலந்து கொடுத்தார், துண்டோடு அச்சு அசலாக ஒன்று. வெளிர் சந்தனம்.

ஓட்டையை அடைக்க ஒரு போர்டுத் துண்டு வேண்டுமே. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஹோட்டல் கட்டுகிறார்கள், வாசலில் வெட்டிப் போட்ட துண்டுகள் குவியலாக. கேட்காமல் எடுக்க மனசு வரவில்லை. கேட்டேன். காண்ட்ராக்டர் ஒரு மேடம்! தலையில் ஹெல்மெட், கையில் டீ, வாயில் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ்.

"எந்துக்கம்மா இது நீக்கு?" எனக்கு எதுக்காம்.

"ஊட்ல ஓட்ட மேடம். நானே பண்றேன்."

"நுவ்வா? எங்க கத்துக்கினே?"

"போன்ல பாத்து."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எத்தனை கோட், டேப் எப்போது வைப்பாய், ஓரத்தை எவ்வளவு தூரம் இழுப்பாய் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது! என் வாயிலிருந்து! கடைசியில் பெரிய துண்டு இரண்டும் போன் நம்பரும் கொடுத்துவிட்டு: "நா டீம்ல ஜாயின்டு வேலைக்கு ஆளே லேரு, இல்ல. உன் செவுரு முடிச்சி போட்டோ அனுப்பு. நல்லா பாகா இருந்தா சோமவாரமே வந்துடு."

சோமவாரம். திங்கள். அதே திங்கள்தான் தடாவில் இருக்கிற கம்பெனியில் நான் சேர வேண்டிய நாள். சித்தப்பா பேசி முடித்துவிட்டார்.

ராத்திரி. வீட்டில் சொன்னேன். நைனா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏசி ரூமு. கம்ப்யூட்டரு முன்னாடி ஒக்காந்துகினு வேல. அத்த உட்டுட்டு செவுரு பூசப் போறியா? முப்பது வருசம் வெயில்ல காஞ்சது எதுக்கு, என் பொண்ணும் கரண்டி புடிக்கவா?"

"இது கரண்டி இல்ல நைனா, தகடு."

"எல்லாம் ஒண்ணுதான்."

எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். அப்புறம் அவரே: "செரி. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு கண்ண மூடிக்கினு செவுத்த தடவுவேன். நீ ஒட்டுன துண்டோட ஓரம் கையில தட்டுச்சி, தடா பஸ்ஸு. தட்டல, உன் இஷ்டம்."

இடம் அவருக்கு உத்தேசமாகத் தெரியும், தானே போட்ட ஓட்டை. ஓரத்தைக் கையால் தொட்டுக் காட்ட வேண்டும், அதுதான் கணக்கு. நைனா கை அரிசி கனம் மேட்டைக்கூடப் பிடிக்கும். சைட்டில் எல்லாரும் சொல்வார்கள்.

அம்மா: "ஜெபம் வெச்சிகினு ஊட்ல பந்தயமா?" யாரும் காதில் வாங்கவில்லை.


வியாழன். மேகமூட்டம். ஈரக் காற்று, காயாது போல.

காலை 6க்கே எழுந்தாச்சு. ஓட்டையைச் சதுரமாக வெட்டினேன். தலைவர் முறை: புதுத் துண்டின் பின்பக்கம் ஓரத்து ஜிப்சம் மாவைச் சுரண்டிவிட்டு, முன்பக்கத் தாளை மட்டும் நாலு பக்கமும் காது மாதிரி விடுவது. காதில் பவுடர்க் குழம்பு தடவி, ஓட்டையில் வைத்து, தகட்டால் ஒரே இழுப்பு.

அந்தச் சத்தம்!! இரண்டு வருஷம் ஹெட்போனில் கேட்ட சத்தம், என் கையிலிருந்து!

முதல் கோட் 8 மணி. இரண்டாவது 11. ஓரத்தை இரண்டு பக்கமும் ஒன்றரை ஜாண் இழுத்துவிட்டேன். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன், நிழலே இல்லை. அம்மாவுக்கு முத்தம். ஓனரம்மா வீட்டுப் பூனைக்கும்.

உப்புத்தாள் இன்னும் நைசாக வேண்டும் என்று கடைக்குப் போனேன்.

மதியம் 2. எழுதிவிடுகிறேன்.

திரும்பி வந்தால் நைனா சுவருக்கு எதிரில், கையில் மக்கு. தரையெல்லாம் தண்ணீர். சுவர் ஊறிப்போய் தொப்பை போட்டிருக்கிறது. என் துண்டு மட்டும் இல்லை, சுற்றி அரை அடிக்குப் பழைய போர்டும்.

"நைனா! இன்னா பண்ண!"

"தண்ணி காட்னேன். ரெண்டு வாட்டி. காஞ்சிகினு இருந்துச்சிடி, வெடிப்பு உட்டுடும்னு..."

"அது சிமென்ட்டு இல்ல! காயணும்! காஞ்சாதான் நிக்கும்!"

"தண்ணி காட்டாத செவுரு இன்னா செவுரு?"

கத்தினேன். வேணும்னே பண்ணினாய், தடாவுக்கு அனுப்பவே பண்ணினாய் என்று. சொல்லி முடிப்பதற்குள் துண்டு தொப்பென்று கழன்று விழுந்தது, ஈர தோசை மாதிரி.

அவர் மக்கைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

அம்மா துணி போட்டுத் துடைத்துக்கொண்டே: "சைட்டுக்கு லீவு போட்டுட்டு வந்தாருடி. நீ பூசினத பாத்துட்டு நல்லா இழுத்துகீறான்னாரு. எம் பொண்ணு செவுரு வெடிக்கக் கூடாதுன்னுதான் ஊத்தினாரு."

இதைத் தலைவர் எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. அந்த நாட்டில் யார் வீட்டு அப்பாவும் சுவருக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்.


வெள்ளி. நல்ல வெயில், ஸ்தோத்திரம்.

மேஜை ஃபேன் ராத்திரி முழுக்க சுவரைப் பார்த்து. காலையில் தட்டிப் பார்த்தேன். ஊறிய இடம் இன்னும் கொழகொழ. வெட்டித்தான் ஆக வேண்டும். இப்போது ஓட்டை ஒன்றேகால் அடிச் சதுரம். இவ்வளவு பெரிய துண்டுக்குக் காது முறை தாங்காது. பின்னால் கட்டை கொடுத்து ஸ்குரூ போட வேண்டும்.

கட்டைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நைனா வந்தார், கையில் பலகைச் சட்டம் இரண்டு. இழைத்து, மட்டம் பார்த்து, அளவாக அறுத்தது. எப்போது அறுத்தாரோ.

"ஈரமில்ல. காஞ்ச கட்டதான்," என்றார். என்னைப் பார்க்காமல்.

"நேத்து அப்பிடிப் பேசிட்டேன் நைனா..."

"வேலயப் பாரு. டைமு போய்கினு கீது."

அவர் பிடித்துக்கொண்டார், நான் ஸ்குரூ போட்டேன். துண்டு உட்கார்ந்தது. டேப், முதல் கோட். மதியம் இரண்டாவது. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தேன். அம்மா சாம்பார் கிண்ணத்தோடு போனால்கூட "தள்ளிப் போ!"

ஓனரம்மா தூசியைப் பார்த்துவிட்டு மேலே வந்துவிட்டார். போச்சு என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். "ஏம் மேஸ்திரி, கூத்துரு பனி சேஸ்துந்தி, நுவ்வு சூஸ்துன்னாவா?"

"பொண்ணு வேலை செய்யறா, நீ வேடிக்க பாக்கறியான்னு கேக்கறாங்க," என்று எனக்கே மொழிபெயர்த்துச் சொன்னார் நைனா, எனக்குத் தெலுங்கு தெரியாத மாதிரி. அப்புறம் அவரிடம்: "நாக்கு இதி ராதம்மா." எனக்கு இது வராது என்கிறார்! முப்பது வருஷ மேஸ்திரி!

பந்தயத்தைக் கேட்டுவிட்டு, ஞாயிறு ஓனரம்மாவும் வருகிறாராம், சாட்சிக்கு.


சனி. வெயில். வீடெல்லாம் வெள்ளைத் தூசி, இட்லியிலும்.

மூன்றாவது கோட், தண்ணி மாதிரி மெலிசு. காய்ந்ததும் உப்புத்தாள். டார்ச். ஒரு நிழல். மறுபடி உப்புத்தாள். டார்ச். சுத்தம்.

12: பிரைமர். துண்டுக்கு மட்டும் அடித்தால் தனியாகத் தெரியும் என்பதால் மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரும்.
5: பெயின்ட் முதல் கோட். கை விட்டுப்போச்சு.

தலைவர் பதில் போட்டுவிட்டார்!!! வியாழன் ராத்திரி நான் போட்ட, தண்ணீர் ஊற்றிய சுவரின் போட்டோவுக்கு. உன் அப்பாவுக்கு என் அன்பு, இருபது வருஷத்தில் இப்படி ஒன்று பார்த்ததில்லை என்று. நைனாவிடம் காட்டினேன்.

"கனடாவுல கூட சிரிக்கிறானுங்களா?"

"அன்புன்னு போட்டுகீறாரு நைனா."

"அது சிரிக்கறதுதான்."


ஞாயிறு. இலேசான காற்று.

விடிந்ததும் இரண்டாவது கோட். அப்புறம் சபை. பிரசங்கம் எதைப் பற்றி? ஞாபகம் இல்லை, மன்னிக்கணும் ஆண்டவரே.

சரியாக 4. நைனா சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்தார். அம்மா என் துப்பட்டாவால் அவர் கண்ணைக் கட்டி மூன்று சுற்று சுற்றிவிட்டாள். ஓனரம்மா சேரில்.

இரண்டு உள்ளங்கையும் சுவரில். மேலே, கீழே, மேலே. என் துண்டு மேல் வந்தது. கை நின்றது. இடது பக்கம் போனது, திரும்பி அங்கேயே வந்தது. விரல் நுனியால் ஒரு தட்டு.

அப்புறம் தாண்டிப் போய்விட்டது.

ஒரு முழம் தள்ளி நின்றது. விரல் மேலிருந்து கீழ் வரை ஒரே கோடாக இறங்கியது.

"இந்தா ஓரம். நல்லா மேடு தட்டுது. மட்டமே இல்ல. இன்னாடி வேல இது?" குரலில் சந்தோஷமே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இந்த நோட்டை எடுத்து வந்து செவ்வாய்க்கிழமை அளவைச் சத்தமாகப் படித்தேன். இரண்டரை அடி. அளவு டேப்பை வைத்தேன். அவர் விரல் நாலாவது அடியில்.

"அது என்து இல்ல நைனா. ரெண்டு போர்டு சேர்ற எடம். தடுப்பு கட்டுனப்பவே போட்டது."

கண் கட்டை அவிழ்த்தார். சுவரைப் பார்த்தார். ஓனரம்மாவைப் பார்த்தார். ஓனரம்மா: "அது பெத்த கம்பெனி ஆளுங்க போட்டதுப்பா!"

"பெரிய கம்பெனியா?" நைனா அந்த மேட்டை மறுபடி தடவினார். "இவனுங்கள கூப்ட்டு எம் பொண்ணு செவுத்த தடவிப் பாக்கச் சொல்லணும்."

எம் பொண்ணு செவுரு. அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஐந்து மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள், படம் இன்னும் தரையில். நைனா சுத்தியை எடுத்தார். ஒரு அடி முன்னால் வைத்தவர் நின்றார். என் பக்கம் திரும்பினார்.

"எங்க அடிக்கட்டும்?"

ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்துச் சுவரில் நகர்த்தினேன். உள்ளே சட்டத்து ஸ்குரூ இருந்த இடத்தில் டக்கென்று ஒட்டியது. பென்சில் புள்ளி. சுத்தியை வாங்கிக்கொண்டு ஸ்குரூவும் ஸ்குரூ டிரைவரும் கொடுத்தேன். திருப்பினார். படம் நின்றது. இலேசாகச் சாய்வு, சொல்லவில்லை.


திங்கள். காலை 7. வெயில்.

மேடத்துக்குப் போட்டோ போனது. பதில்: "9 மணி. தகடு எடுத்துகினு ரா." வரச் சொல்லிவிட்டார்!

சித்தப்பாவுக்கு நைனாவே போன். "இல்லப்பா, பொண்ணு வேற வேலக்கிப் போய்கினு கீது. ஆமா, நம்ம வேலதான். இல்ல இல்ல, நம்மளுது இல்ல, இது தண்ணி காட்டக் கூடாத வேல."

பஸ்ஸுக்கு இருபது நிமிஷம். அதற்குள் போஸ்ட், அவசரமாக:

இந்தச் சுவரில் ஒன்றேகால் அடிக்கு ஒரு ஓட்டை இருந்தது. போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்து எங்கே என்று கமெண்ட்டில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பிக் கேளுங்கள். கையால் தடவித்தான் பார்ப்பேன் என்கிறவர்கள் வீட்டுக்கே வாருங்கள், டீ உண்டு, தண்ணீர் மட்டும் யாரும் கொண்டு வராதீர்கள்.