காப்பகத்தில் ஒரு பிரசவம்

ரோகிணிக்கு,

கடற்கரைப் பருவநிலைத் திட்டத்துக்கு ஊர்ப் பெண்கள் சார்பில் என் கையெழுத்தைக் கேட்டிருக்கிறாய். போட மாட்டேன்.

செங்கல்பட்டுக் கூட்டத்தில், புயல் காப்பகத்தில் பிரசவத்துக்கு ஓர் அறையும் நர்ஸும் வேண்டும் என்றேன். திட்டம் எழுதுகிற நீதான் சிரித்தாய்.

"இது ஆமை, அலையாத்திக் காட்டுக்கான மீட்டிங்குடி. பொம்பளைங்க சமாச்சாரத்த இங்க இன்னாத்துக்கு இழுக்குற?"

அதற்குப் பிறகு வந்த டிசம்பர் புயலில், எங்கள் குப்பத்துக் காப்பகத்தில் என் தங்கை ரேணுகாவுக்கு வலி கண்டது. ரோடெல்லாம் வெள்ளம், ஆம்புலன்ஸ் வரவில்லை. நூறு பேர் நடுவில் நான் புடவையை மறைப்பாகப் பிடித்து நின்றேன். பிள்ளை அழவே இல்லை.

அந்த அறையைக் கேட்டு நாற்பது பெண்கள் மனு எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுக்கிறோம். நீ அங்கே இருந்தால், என்னைத் தெரிந்தவள் போலக் காட்டிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே பஸ்ஸில் காலேஜுக்கு வந்தவள்